இலக்குத் தரம் தீர்ப்பாகிவிடக் கூடாது

இங்கிலாந்தின் அரசு மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில், பதினோரு வயதில் ஏழாம் ஆண்டில் சேரும் மாணவருக்குப் பாடவாரியாக ஓர் எண் குறிக்கப்படுகிறது. பதினாறு வயதில் எழுதப்போகும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் அவர் எட்ட வேண்டிய இலக்குத் தரம் அது. 2017 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த அளவுகோலில் 9 உச்சம், 1 கடைநிலை. 4 வழக்கமான தேர்ச்சி, 5 வலுவான தேர்ச்சி. அறிக்கை அட்டை, பெற்றோர் சந்திப்பு, வகுப்புப் பிரிப்பு என எல்லாவற்றிலும் இந்த எண் ஐந்தாண்டுகள் மாணவரைத் தொடர்கிறது.

இதன் வேர் தொடக்கப் பள்ளியில் இருக்கிறது. ஆறாம் ஆண்டின் மே மாதத்தில் எழுதப்படும் தேசியத் தேர்வுகளின் மதிப்பெண்கள், 2016 முதல் 80க்கும் 120க்கும் இடைப்பட்ட அளவாக மாற்றித் தரப்படுகின்றன. 100 எதிர்பார்க்கப்படும் நிலை. அதே மதிப்பெண்ணை முன்பு பெற்றவர்கள் பின்னர் ஜி.சி.எஸ்.இ.யில் என்ன தரம் எடுத்தார்கள் என்று பார்த்து, இப்போதைய மாணவருக்கு மதிப்பீடு கணிக்கப்படுகிறது. பள்ளிகள் பரவலாகப் பயன்படுத்துவது எஃப்.எஃப்.டி. என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கணிப்புகளை. முந்தைய மதிப்பெண்ணோடு பாலினம், பிறந்த மாதம் ஆகியவற்றையும் அது கணக்கில் கொள்கிறது. சராசரிப் பள்ளியின் முன்னேற்றத்தை அடிப்படையாகக் கொண்டால் ஒரு தரம். முன்னேற்றத்தில் முதல் 20 விழுக்காட்டில் உள்ள பள்ளிகளை அடிப்படையாகக் கொண்டால் அதைவிட உயர்ந்த தரம். எதை எடுப்பது என்பது பள்ளியின் முடிவு. எல்லாப் பள்ளிகளும் முதல் 20 விழுக்காட்டுப் பள்ளிகளின் அளவையே இலக்காக்கினால், பெரும்பாலான பள்ளிகள் அதை எட்ட முடியாது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

பள்ளிகள் இந்த எண்களை இவ்வளவு இறுகப் பற்றுவதற்குக் காரணம், அவையும் இதே முறையில் அளக்கப்படுவதுதான். 2016இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த ‘புரோகிரஸ் 8’ என்ற அளவீடு, மாணவரின் எட்டுப் பாட இடங்களின் தரங்களைக் கூட்டுகிறது. கணிதமும் ஆங்கிலமும் இரட்டிப்பாக எண்ணப்படும். ஒரு மாணவரின் கூட்டுத்தொகை 52, ஆறாம் ஆண்டில் அவரை ஒத்த மதிப்பெண் பெற்றோரின் நாடளாவிய சராசரி 47 என்றால், வித்தியாசமான 5ஐப் பத்தால் வகுக்க, அவர் மதிப்பு +0.5. நாடு முழுவதற்குமான சராசரி எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். முன்பு தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நின்ற மாணவர்கள் மீது மட்டுமே பள்ளிகளின் கவனம் குவிந்தது. அந்தக் குறையை இது பெருமளவு திருத்தியது. ஆனால் பள்ளியை அளக்கச் செய்த கருவி, கீழிறங்கி ஒவ்வொரு குழந்தையின் அறிக்கை அட்டையிலும் இலக்காக அமர்ந்துகொண்டது.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான மாணவர்களின் சராசரியைச் சொல்வதில் இந்தக் கணிப்பு வலுவானது. தனி ஒரு மாணவரைப் பற்றிச் சொல்வதில் பலவீனமானது. ஒரே தொடக்க மதிப்பெண் பெற்றவர்கள் ஐந்தாண்டு கழித்துப் பல தரங்களில் சிதறி நிற்கிறார்கள். எஃப்.எஃப்.டி.யின் கணிப்பிலேயே ஒவ்வொரு தரத்துக்கும் உள்ள வாய்ப்பு தனித்தனியாகக் காட்டப்படுகிறது. மாணவர் கைக்கு வரும்போது அந்த விரிவு மறைந்து ஒற்றை எண் மட்டும் எஞ்சுகிறது. வாசிப்பிலும் கணிதத்திலும் எழுதிய தேர்வை வைத்து ஓவியத்துக்கும் பிரெஞ்சுக்கும் இசைக்கும் இலக்கு வைக்கும்போது அந்த எண்ணின் அடித்தளம் இன்னும் மெலிகிறது.

தொடக்கத் தேர்வு மதிப்பெண் இல்லாதோர் நிலை வேறு. பெருந்தொற்றால் 2020, 2021 ஆண்டுகளில் ஆறாம் ஆண்டுத் தேர்வுகள் நடக்கவில்லை. அதனால் 2025, 2026இல் ஜி.சி.எஸ்.இ. எழுதும் அணிகளுக்குப் புரோகிரஸ் 8 கணக்கிட வழியில்லை. பள்ளிகள் சொல், எண், உருவம், இடம் சார்ந்த பகுத்தறிவைச் சோதிக்கும் ‘கேட்’ தேர்வுகளை நாடின. இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ பன்னிரண்டு வயதில் லண்டன் வந்து சேரும் பிள்ளைக்கும் இதே தேர்வுதான். சொல் சார்ந்த பகுதி ஆங்கிலத்தில் இருப்பதால் அது அளப்பது அறிவையா, வந்து சில மாதங்களே ஆன மொழிப் பழக்கத்தையா என்பது தெளிவற்றுப் போகிறது.

இலக்கு வைத்தபின் கண்காணிப்பு. அறிக்கை அட்டையில் ஒரு வரியை எடுத்துக்கொண்டால்: அறிவியல், இலக்கு 6, தற்போதைய நிலை 4+, கணிப்பு 5, பக்கத்தில் மஞ்சள் நிறம். இலக்கை எட்டினால் பச்சை, மிகப் பின்தங்கினால் சிவப்பு. தேசியப் பாடத்திட்ட நிலைகள் 2014இல் கைவிடப்பட்டபின், ஏழாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை சீராக ஏறும் நேர்கோடு ஒன்றைப் பல பள்ளிகள் தாமே வரைந்துகொண்டன. ஆனால் ஜி.சி.எஸ்.இ. தரத்தின் எல்லை மதிப்பெண்கள் முழுப் பாடத்திட்டத்துக்கான தேர்வு எழுதி முடிந்தபின்பே நிர்ணயமாகின்றன. எட்டாம் ஆண்டில் அணுவைப் பற்றி எழுதிய சிறு தேர்வுக்கு ஜி.சி.எஸ்.இ. ‘3’ என்று போடுவதற்கு அடிப்படையே இல்லை. கற்றலும் நேர்கோட்டில் நடப்பதில்லை. கல்வித் தரவு ஆய்வு அமைப்பான எஜுகேஷன் டேட்டாலேப் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிர்பார்க்கப்பட்ட பாதையிலேயே கடைசி வரை சென்ற மாணவர்கள் பத்தில் ஒருவரைவிடக் குறைவு.

இதன் விளைவு வெறும் நிறத்தோடு முடிவதில்லை. கணித ஜி.சி.எஸ்.இ.யில் இரண்டு அடுக்குகள் உண்டு. அடித்தள அடுக்கின் வினாத்தாளில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5க்கு மேல் கிடைக்காது. இலக்கு 4 என்று குறிக்கப்பட்ட மாணவர் அதற்கேற்ற வகுப்பில் அமர்த்தப்பட்டால், உயர் அடுக்குக்குரிய பாடப் பகுதிகள் அவருக்குக் கற்பிக்கப்படாமலே போகலாம். அப்போது கணிப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. ஜி.சி.எஸ்.இ.க்கு அடுத்த படியான ஏ லெவலில் கணிதம் படிக்கும் கதவும் சேர்ந்து மூடுகிறது. சராசரியைத் தனி ஆள் மேல் சுமத்துவதன் விலையை நாடே 2020இல் கண்டது. பெருந்தொற்றால் தேர்வுகள் நடக்காத நிலையில், பள்ளிகளின் கடந்தகால முடிவுகளைச் சார்ந்து தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் வகுத்த கணிப்புமுறை, ஆசிரியர்கள் கொடுத்த ஏ லெவல் தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் குறைத்தது. எதிர்ப்பு வலுத்து, ஆகஸ்ட் 17 அன்று அது கைவிடப்பட்டது.

திருத்தங்கள் தொடங்காமல் இல்லை. தரவு சேகரிப்பு ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என ஆசிரியர் பணிச்சுமை ஆலோசனைக் குழு 2018இல் பரிந்துரைத்தது. பள்ளிகளின் உள்மதிப்பீட்டுத் தரவைச் சான்றாகப் பார்ப்பதை ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் 2019இல் நிறுத்தியது. அடுத்த படிகள் பள்ளிகளின் கையில் உள்ளன. கணிப்பை ஆசிரியர்களின் திட்டமிடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாணவருக்குச் சொல்வதானால் ஒற்றை எண்ணாக அன்றி, வாய்ப்புள்ள தரங்களின் வரம்பாகச் சொல்ல வேண்டும். வகுப்புப் பிரிப்பையும் தேர்வு அடுக்கையும் அண்மைய வேலையைப் பார்த்து, கூடியவரை தாமதமாக முடிவு செய்ய வேண்டும். அறிக்கை அட்டையில் ‘4+, மஞ்சள்’ என்பதற்குப் பதில், ‘சமன்பாடுகள் கைவந்துவிட்டன, விகிதத்தில் தடுமாறுகிறார்’ என்று எழுதினால், அடுத்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்பது மாணவருக்கும் பெற்றோருக்கும் தெரியும். கண்காணிப்பு அதற்காகத்தான்.