டிசைனுக்குத் தனியாகக் காசா?

சிவகாசியோ திருவல்லிக்கேணியோ, எந்த அச்சகத்தில் கேட்டாலும் கணக்கு ஒரே மாதிரிதான் வரும். பேப்பர் இவ்வளவு, பிளேட் இவ்வளவு, ஓட்டுக்கூலி இவ்வளவு, கட்டிங்குக்கு இவ்வளவு. டிசைன்? “அதை நம்ம பையனே போட்டுக் குடுத்துடுவான் சார், தனியா எதுவும் வேண்டாம்.” கேட்டவருக்கு மனம் குளிர்ந்துவிடும். எனக்கு அந்த இடத்தில்தான் ஆதங்கம். வாடிக்கையாளர் கண்ணில் படப்போவது எதுவோ, அதற்கு மட்டும் பில்லில் இடமில்லை.

அந்தப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையிலிருந்து கல்யாணப் பத்திரிகை, பில் புக், பிட் நோட்டீஸ் என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டிருப்பவர் அவர். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பார்ட்டி, “கடை பேரை இன்னும் பெரிசாக்குங்க, சிவப்புல போடுங்க, ஓரத்துல காலியா இருக்கே, அங்கே ஒரு படம்” என்று சொல்லச் சொல்ல, அவர் மவுஸை நகர்த்துகிறார். யோசிக்க அவருக்கு யாரும் நேரமும் தரவில்லை, பணமும் தரவில்லை.

அண்மையில் ஒரு பம்ப்செட் கம்பெனி விவசாயிகளுக்கு அனுப்பும் நான்கு பக்க மாதமடல் கைக்கு வந்தது. விஷயம் அருமை. பேரிங் தேய்ந்தால் மோட்டார் சத்தம் எப்படி மாறும், வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஏன் கூடுதல் கரண்ட் இழுத்துக் காயில் கருகிப்போகிறது என்று, அனுபவஸ்தர் ஒருவர் நிதானமாக எழுதியிருந்தார். ஆனால் அதை என்னால் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கியிருந்தார்கள். வரிகள் அவ்வளவு நெருக்கம். மேல் வரியின் ‘கு’ கீழே இறக்கிய கோடு, அடுத்த வரியின் ‘கி’ மேலே தூக்கிய சுழியில் போய் மோதியது. பழைய ஃபாண்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில் ஒற்றைக்கொம்பு ஒன்று எழுத்தைவிட்டுப் பிரிந்து, புள்ளி வட்டத்தோடு அனாதையாக நின்றது. எழுத்துகளுக்கு அடியில் கம்பெனி முத்திரை வெளிர்நீலத்தில் பரவிக் கிடந்தது. விவசாயிக்கு அவசியம் தெரிய வேண்டிய வோல்டேஜ் அட்டவணை கடைசிப் பக்க மூலையில், பொடி எழுத்தில். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கிற வயதில் இருப்பவர்களுக்குத்தான் அந்த மடல் போகிறது.

தமிழுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. நம் எழுத்துகள் பலவும் அகலமானவை, சொற்களும் நீளம். குறுகிய பத்தியில் இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்து நிறுத்தினால், நடுவில் பொத்தல் பொத்தலாக வெள்ளை விழும். சொல்லை எங்கே உடைப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் ஒரு ‘ம்’ மட்டும் அடுத்த வரியின் தலையில் வந்து உட்காரும். பயிற்சி உள்ளவர் இதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார். வலது ஓரத்தைத் தளர்த்தி, வரிக்கு வரி கொஞ்சம் காற்று விட்டு, எழுத்தின் அளவை மாற்றிச் சரிசெய்துவிடுவார். அந்தக் கண்ணுக்குத்தான் கூலி கொடுக்கச் சொல்கிறேன்.

கூலி கொடுத்தவர் ஒருவரைச் சொல்லலாம். லண்டனில் 1935இல் பெங்குவின் புத்தகங்களைத் தொடங்கிய ஆலன் லேன், ஒரு புத்தகத்தை ஆறு பென்ஸுக்கு விற்றவர். விற்பனையில் அவருக்குக் குறையே இல்லை. ஆனால் புத்தகங்கள் பல அச்சகங்களில் அச்சாகின. ஒவ்வோர் அச்சகமும் தன் வழக்கப்படி எழுத்துக் கோத்தது. போர் முடிந்து காகிதத்துக்கு ரேஷன் இருந்த 1947இல், சுவிட்சர்லாந்திலிருந்து யான் சிஹோல்ட் என்ற அச்சுக்கலை வல்லுநரை வரவழைத்தார் லேன். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் கைதாகி, பிறகு நாட்டைவிட்டு வெளியேறியவர் சிஹோல்ட்.

சிஹோல்ட் அட்டையைத் தொடாமல் விட்டுவிடவில்லை. அட்டையையும் திருத்தினார், பதிப்பகத்தின் முத்திரையான பெங்குவின் பறவையையே மறுபடி வரைந்தார். ஆனாலும் நான் வியப்பது அவர் எழுதிய நான்கு பக்க விதிமுறைகளைத்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் எவ்வளவு இடைவெளி, பத்தியின் முதல் வரி எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும், நிறுத்தற்குறியை எப்படிப் போட வேண்டும் என்று எல்லா அச்சகங்களுக்கும் ஒரே சட்டம். 1949 வரை இருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களுக்கு வடிவம் கொடுத்தார். அவர் போன பிறகும், அடுத்து வந்த ஹான்ஸ் ஷ்மோலர் அந்தத் தரம் இறங்காமல் பார்த்துக்கொண்டார். மலிவு விலைப் புத்தகம் வாங்கியவருக்கும் உயர்ந்த பக்கம் கிடைத்தது. ஒருவரின் சம்பளம் லட்சக்கணக்கான பிரதிகளில் பிரிந்துபோகும்போது, பிரதிக்கு என்ன விழுந்திருக்கும்!

நம் ஊரிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். 1974இல் சென்னையில் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணன், தமிழ்ப் புத்தகத்தின் எழுத்து, ஓரம், தாள், கட்டுமானம் ஒவ்வொன்றையும் முக்கியமான விஷயமாக எடுத்துக்கொண்டார். அதே அக்கறை ஒரு விதைக் கம்பெனியின் கையேட்டுக்கும், மருந்துக் கடையின் ரசீதுக்கும், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கும் ஏன் வரக்கூடாது?

தொழில் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். அச்சகத்துக்குப் போவதற்கு முன்பே வடிவமைப்பாளரைப் பாருங்கள். அவருக்குப் பணத்தை அச்சு பில்லோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. எந்த ஃபாண்ட், எந்த அளவு, எவ்வளவு ஓரம், அட்டவணை எப்படி வர வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டால், அச்சகத்துப் பையனே பல வருஷத்துக்கு அதை வைத்து நன்றாகச் செய்வார். முதல் சந்திப்பில், இதை யார் படிப்பார்கள், எங்கே வைத்துப் படிப்பார்கள், படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால் வேலையை ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போடாமல் வந்துவிடுங்கள். புரூஃப் வந்ததும், அதை வாங்கப்போகிற விவசாயி ஒருவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.