சினிமாப் பூங்காவின் வரைபடத்தில் கூலிக்காரனுக்கு இடம் எங்கே?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் ஒரு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயரை நெற்றியில் தாங்கிய அந்த வளைவுக்குள் நுழைந்தால் இன்று ஸ்டூடியோ இல்லை, வீடுகள்தாம் இருக்கின்றன. ஸ்டூடியோ போய்விட்டது, வாசல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

2023 டிசம்பரில் இந்த வளைவைச் சுற்றிப் பெரிய ரகளை நடந்தது. நெடுஞ்சாலைத் துறை எல்லைக் கல் நட்டது. வளைவு நிற்பதே சாலை நிலத்தில்தான் என்றது சர்க்கார் தரப்பு. இல்லை, எங்கள் சொத்து என்றது தனியார் தரப்பு. கலைஞருக்கு அங்கே சிலை வைக்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்று எதிர்க்கட்சி கூச்சலிட்டது. அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், ‘கலைஞர் 100’ விழா மேடையில், பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீனப் படநகரம் வரும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். இரண்டு செய்தியும் சேர்ந்தால் போதாதா? நம் ரசிக சகோதரர்களின் கற்பனைக்கு இறக்கை முளைத்துவிட்டது. பூந்தமல்லிக்குப் படநகரம் என்றால் சேலத்துக்கு ஏன் ஒரு சினிமாப் பூங்கா கூடாது? மலையடிவாரத்தில் இடமா இல்லை?

ஆரம்பித்தது வாக்குவாதம். வாசலில் குகை வேண்டும், சத்தம் போட்டுச் சொன்னால் கதவு திறக்க வேண்டும் என்கிறார் ஒருவர். தமிழில் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் இங்கிருந்துதானே வந்தது! ‘மந்திரி குமாரி’க்குத் தனி மண்டபம் வேண்டுமென்கிறார் இன்னொருவர். எம்.ஜி.ஆருக்குச் சிலை எத்தனை அடி, சிவாஜிக்கு எத்தனை அடி என்று அடுத்த சண்டை. அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கம்பிவட ரயில் விட்டால் என்ன என்று கேட்பவரும் உண்டு. குகையைச் சிமெண்டில் கட்டுவதா, கல்லில் கட்டுவதா என்பது வரை பேச்சு வந்தாயிற்று.

நாம் இந்த ரசிகர்களைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. சினிமா என்றாலே முகம் சுளிக்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நமக்கு இடம் வேண்டாம். ரசிகன் யார்? இரவு ஷிப்டு முடித்துப் பஞ்சுத் தூசியோடு வெளியே வரும் மில் தொழிலாளி. நாற்று நட்ட கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு குழந்தைகளோடு டூரிங் கொட்டகைக்கு நடந்த விவசாயத் தொழிலாளியின் மகன். அவனுக்கு உல்லாசம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை ராட்டினத்தில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு. அந்த உரிமைக்காகவும்தான் எட்டு மணி நேர வேலை கேட்டுப் பாட்டாளிகள் போராடினார்கள்.

நம் கேள்வி வேறு. இத்தனை பேர் இத்தனை வரைபடம் போடுகிறார்களே, ஒரு வரைபடத்திலாவது வேலை செய்கிறவன் தென்படுகிறானா?

மாடர்ன் தியேட்டர்ஸை 1935-ல் ஆரம்பித்த டி.ஆர். சுந்தரம் நூல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர்; இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். படத்தையும் அவர் ஒரு மில்லைப் போலத்தான் நடத்தினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லாபரட்டரி எல்லாம் ஒரே வளாகத்தில். நடிகரும் எழுத்தாளரும் மாதச் சம்பளத்தில். கறாரான முதலாளி. அவர் 1963-ல் காலமானார். 1980-களில் ஸ்டூடியோவின் மூச்சு நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்த இடம் அது. அத்தனை படத்துக்கும் செட்டுக்கு ஆணியடித்த தச்சர்கள், விளக்கைத் தூக்கிப் பிடித்த லைட்பாய்கள், மருந்துத் தொட்டியில் பிலிம் கழுவியவர்கள், குதிரைக்குப் புல் போட்டவர்கள் எத்தனை பேர்! குகை வாயிலின் அளவைப் பற்றி அடித்துக்கொள்ளும் நண்பர்களில், அந்தக் குகையைக் கட்டிய தச்சன் பெயரைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தப் பழமொழியை இனி மாற்ற வேண்டும். கூத்தாடியும் கூலிக்காரன்தான், கொண்டாட்டம் காண்டிராக்டருக்கு.

பூங்காவில் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, நடந்தவையே இருக்கின்றன. தாம்பரம் அருகே 1995-ல் கிஷ்கிந்தா பூங்காவைத் திறந்தவரே ஒரு சினிமாத் தயாரிப்பாளர், நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்தவர். 2016 மே மாதம் அங்கே ஒரு ராட்டினத்தை ஓட்டிப் பார்த்தார்கள். அது முறிந்து விழுந்தது. ஒருவர் மாண்டார், பலர் காயமடைந்தனர். சோதனைக்கு ஏற்றி உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள் யார் தெரியுமா? பூங்காவின் ஊழியர்கள்! மணல் மூட்டையை ஏற்றிச் சோதிக்க வேண்டிய இடத்தில் மனிதனை ஏற்றினார்கள். மூட்டைக்குக் காசு கொடுக்க வேண்டும். ஊழியனுக்குத்தான் ஏற்கெனவே சம்பளம் கொடுத்தாயிற்றே!

செம்பரம்பாக்கத்து இ.வி.பி. பூங்காவின் கதை இன்னும் விசித்திரம். 2012-ல் அங்கே ராட்டினத்தில் ஏறிய ஓர் இளம்பெண் உயிரிழந்தாள். பிறகு பூங்கா படநகரமாக வேஷம் மாற்றிக்கொண்டது. வேஷம் மாறினால் விதி மாறுமா? 2020 பிப்ரவரி 19 இரவு ‘இந்தியன் 2’ படப்பிடிப்புக்காக அங்கே நிறுத்தியிருந்த கிரேன் சாய்ந்து மூன்று பேர் மாண்டனர். மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள். நட்சத்திரத்தின் சிலைக்கு எத்தனை அடி என்று சண்டையிடும் தம்பிகளே, அந்தக் கிரேன் எத்தனை அடி உயரம் என்று என்றாவது கேட்டீர்களா?

இது நம் நாட்டுச் சீக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். சினிமாப் பூங்காக்களுக்கெல்லாம் தாய்ப் பூங்காவான டிஸ்னிலாண்டு, அமெரிக்காவில் அனஹைம் என்ற ஊரில், ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த நிலத்தில் 1955 ஜூலையில் திறக்கப்பட்டது. உலகமே போய் மிக்கி எலியோடு கைகுலுக்கி வருகிறது. எலித் தலைக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும் மனிதனோடு யார் கைகுலுக்கினார்கள்? 2024 மே மாதம் அந்த வேஷக்காரர்களும் ஊர்வல நடனக்காரர்களுமாக சுமார் 1,700 பேர் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். சங்கம் வேண்டும் என்று 953 ஓட்டு. வேண்டாம் என்று 258. திறந்து 69 ஆண்டுகளுக்குப் பிறகு மிக்கி எலியும் சங்கத்தில் சேர்ந்தது! இந்தச் செய்தியை நம் ரசிகர் மன்றங்களின் பலகையில் எழுதிப் போடலாம்.

இனி மலைக்கு வருவோம். ‘மலையடிவாரத்தில் இடமா இல்லை’ என்று கேட்கிறார்களே, அந்த இடம் யாருடையது? சேர்வராயன் மலை வெறும் திரைச்சீலை அல்ல, படம் முடிந்ததும் சுருட்டி வைக்க. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சட்டசபைக்கு ஏற்காடு பழங்குடியினர் தனித்தொகுதி. சேர்வராயன் கோவிலுக்கு மே மாதத்தில் கூடுவதும் அவர்கள்தாம். அதே மே மாதத்தில் கோடை விழாவுக்காகத் தோரணம் கட்டுவதும் அவர்கள்தாம். வெள்ளைக்காரக் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாப் புத்தகங்கள் மெச்சுகின்றன. செடி யாருடைய மலையில் நடப்பட்டது, கூடையைத் தூக்கியவன் யார் என்று அவை சொல்வதில்லை. பிறகு மால்கோ வந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலைத் தலையைச் சீவி பாக்சைட் எடுத்தது. அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். காப்பி போதாது, பாக்சைட் போதாது, இப்போது குகையும் கம்பிவடமுமா?

தோட்டத் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் முதலாளி தர வேண்டும் என்று 1951-ல் ஒரு சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்து அதையும் அவற்றுக்குள் விழுங்கிவிட்டது. வன உரிமைச் சட்டம் வந்தது 2006-ல். பழங்குடிக்கு உழுத நிலத்துக்குப் பட்டாவும் பிள்ளைக்குச் சாதிச் சான்றும் வாங்கவே கால் தேய்கிறது; டிக்கெட் கவுண்டருக்கு மட்டும் நிலம் நொடியில் கிடைக்குமாம்!

தண்ணீரையும் மண்ணையும் கேட்க வேண்டாமா? 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயல் மழை கொட்டியபோது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது, வண்டிகள் நின்றன. பாறையையும் சேற்றையும் அள்ளியவர்கள் சாலைத் தொழிலாளர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. அந்தச் சரிவின் காலடியைத் தோண்டி நீர்ச்சறுக்கு கட்டலாம் என்பவர் ஒரு மழைக்காலம் மேலே குடியிருந்து பார்க்கட்டும்.

வரலாற்று மண்டபம் கட்டுவோம் என்கிறார்கள். சந்தோஷம். எந்த வரலாறு? மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது என்று பொன்னெழுத்தில் பொறிக்கலாம், பெருமைதான். ஆனால் ஏற்காட்டுக்குப் போகும் வழியில் அஸ்தம்பட்டியில் சேலம் மத்திய சிறையும் இருக்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கே கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள். அதே ஆண்டில்தான் ‘மந்திரி குமாரி’ திரைக்கு வந்தது. கொடுங்கோல் அரசைப் பற்றிய அந்தப் படத்துக்கு மண்டபம் கட்டுகிறவர்கள், அந்த 22 பேரைப் பற்றிச் சுவரில் ஒரு வரியாவது எழுதுவார்களா?

இன்னொன்றும் கேட்கிறோம். 1960-ல் ‘பாதை தெரியுது பார்’ என்ற படம் வந்தது. நிமாய் கோஷ் இயக்கினார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டப் பாடுபட்டவர்கள் இவ்விருவரும். சேலத்துப் படம் அல்ல என்று தள்ளிவிடலாம். ஆனால் ரஜினிக்கு ஓர் உலகம், விஜய்க்கு ஓர் உலகம் என்று பட்டியல் போடும்போது சேலமா சென்னையா என்று யாரும் பார்க்கவில்லையே!

பூங்காவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படி ஒரு திட்டம் வருமானால் சர்க்கார் முதலில் சில விஷயங்களைக் காகிதத்தில் எழுதித் தரட்டும். மலையில் ஒரு சென்ட் நிலமும் கிராம சபையின் சம்மதமின்றித் தொடப்படாது என்று எழுதட்டும். பழைய ஸ்டூடியோ இடமோ, சர்க்கார் வசமுள்ள சமதள நிலமோ எது என்று சர்வே எண்ணோடு சொல்லட்டும். துடைப்பம் பிடிப்பவரிலிருந்து ராட்டினம் ஓட்டுபவர் வரை காண்டிராக்ட் இல்லாத நிரந்தர வேலை, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்கு முதல் உரிமை, ராட்டினப் பரிசோதனை நடத்தும் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதி; இவை வேண்டும். டிக்கெட் விலை ஒரு விவசாயத் தொழிலாளியின் அரைநாள் கூலியைத் தாண்டக் கூடாது. இதற்கு ஒப்புக்கொண்டால் குகையைக் கல்லில் கட்டுவதா சிமெண்டில் கட்டுவதா என்ற விவாதத்தில் நாமும் கலந்துகொள்கிறோம். கல் என்பது நம் அபிப்பிராயம், ஏனென்றால் சேலத்துக் கல்தச்சர்களுக்கு வேலை கிடைக்கும்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தைச் சேலத்து ஹோட்டலின் குளிர்சாதன அறையில் வைக்காதீர்கள். ஒன்றை ஏற்காட்டில் சந்தை நாளில் வையுங்கள். மலைக்காரர்கள் மிளகும் காப்பியும் விற்க எப்படியும் இறங்கி வருவார்கள். மற்றொன்றை அந்த வளைவின் கீழேயே வையுங்கள், மாலை ஷிப்டு விட்ட பிறகு.