அந்தக் கட்டம் ஏன் காலி?

முடக்குவாத நோயாளியின் ஓபி சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். வீங்கிய மூட்டுகள் எத்தனை, காலை விறைப்பு எவ்வளவு நேரம், ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆன்டி-சிசிபி எல்லாம் இருக்கும். கடைசி மாதவிடாய்த் தேதிக்கான கட்டம் மட்டும் காலி. எக்ஸ்ரே அறையில் கேட்டு அனுப்பினால்தான் நிரப்புவோம். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் பிடிக்கும் நோயில் இது என்ன பழக்கம்?

ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டென்று காட்டிக்கொடுத்தவர்களே கர்ப்பிணிகள்தாம். மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் மூட்டுவலி தணிவதை மேயோ கிளினிக்கின் பிலிப் ஹெஞ்ச் கவனித்து எழுதினார். அந்தத் தேடல் 1948-ல் கார்டிசோனில் போய் நின்றது. 1950-ல் நோபல் பரிசும் வந்தது. ஸ்டீராய்டு கைக்கு வந்ததும் கர்ப்பிணியை மறந்துவிட்டோம் என்பது என் குறை.

ஈஸ்ட்ரோஜனை நண்பன், பகைவன் என்று முத்திரை குத்த முடியாது. கர்ப்பகால அளவுக்கு உயரும்போது டிஎன்எஃப், ஐஎல்-6 போன்றவற்றை அடக்குகிறது. அளவு குறைவாக இருக்கும்போது அதே ஹார்மோன் அழற்சிக்குத் துணைபோகிறது. பி செல்களைத் தூண்டி எதிர்ப்பொருள் உற்பத்திக்கும் வழிவிடுகிறது. வீங்கிய மூட்டுச் சவ்வுக்குள் நடப்பது இன்னொரு கதை. அங்கே டிஎன்எஃப் அரோமட்டேஸ் நொதியை முடுக்கிவிட, அழற்சியைத் தணிக்க வேண்டிய ஆண்ட்ரோஜன் ஈஸ்ட்ரோஜனாக மாறிக் கரைகிறது. ஆகவே ரத்தத்தில் எஸ்ட்ராடியால் அளந்து மூட்டின் நிலையைச் சொல்லிவிட முடியாது. அந்தச் செலவை நோயாளியின் தலையில் கட்டாதீர்கள்.

கர்ப்பத்தில் முக்கால்வாசிப் பேருக்கு நோய் தணியும் என்றுதான் படித்தோம். 2008-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு அதை ஏறக்குறைய பாதிப் பேர் என்று குறைத்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் பலருக்கு நோய் மீண்டும் மூண்டதையும் அது பதிவு செய்தது. மூன்று மாதக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்க மணிக்கட்டு ஒத்துழைக்காமல் மாமியாரைக் கூப்பிடும் பெண்ணை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "பிரசவ உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள்; நாமும் அதையே சொல்லலாமா? கர்ப்பத்தில் ஈஎஸ்ஆர் தானாகவே ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பி நோயின் வேகத்தைக் கணிக்கவும் கூடாது.

மாதவிடாய் நிற்கும் வயதில் குழப்பம் வேறு மாதிரி. தூக்கமின்மை, உடல்வலி, அசதி எல்லாவற்றையும் அழற்சிக் கணக்கில் எழுதி மெத்தோட்ரெக்சேட்டைக் கூட்டிக்கொண்டே போகிறோம். மூட்டைத் தொட்டுப் பார்த்து வீக்கம் இல்லையென்றால் மாத்திரையை ஏற்றுவதில் பயனில்லை. ஹார்மோன் மாற்று சிகிச்சையை முடக்குவாதத்துக்கென்றே கொடுக்கவும் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண் பிரெட்னிசலோனும் சாப்பிட்டால் எலும்பு இரு பக்கமும் தேய்கிறது. அடர்த்திப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாதவிடாய்த் தேதியைக் கேட்டால் கூச்சப்படுவார்கள் என்பது சாக்கு. "குளிச்சு எத்தனை நாளாச்சும்மா?" என்று செவிலியர் கேட்டால் பதில் வந்துவிடுகிறது. குழந்தை வேண்டும் என்கிற எண்ணம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட்டைக் கருவுறுவதற்கு முன்பே நிறுத்தியாக வேண்டும்.