கடலைக் கடப்பது எளிது. ரயில் நிலையத்துக்குப் போவதுதான் பாடு

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இரண்டு பாலங்கள் இணைக்கின்றன. பெர்ரி ஓடுகிறது. எல்.ஆர்.டி.யும் வரவிருக்கிறது. ஆனாலும் நிபோங் திபால், பாரிட் புந்தார் வட்டாரத் தோட்டங்களில் வாழும் ஒருவர், சொந்த வண்டி இல்லாமல் ஜோர்ஜ்டவுன் பொது மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டியிருக்கிறது. காலம் கரைவது கடலில் அல்ல, வீட்டு வாசலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில்.

1985 செப்டம்பரில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை, தீவுக்குப் போகப் பெர்ரியை விட்டால் வேறு வழியில்லை. 2014 மார்ச்சில் பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் வந்தது. தீவுக்குப் போகும் திசையில் மட்டுமே டோல் வசூலிக்கப்படுகிறது. 2019 ஜனவரி 1 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கு அதுவும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்கள் பலருக்கு இது பெரிய மிச்சம். ஆனால் மழையிலும் கடற்காற்றிலும், இரவு ஷிப்ட் முடிந்த களைப்போடு பாலத்தைக் கடக்கும் ஆபத்தும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அதோடு, இந்தச் சலுகை வண்டி ஓட்டுபவருக்கு மட்டுமே. முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வண்டி ஓட்டத் தெரியாத பெண்களுக்கும் இதனால் பயனில்லை.

அவர்களுக்கு ஏற்றது ரயிலும் பெர்ரியும்தான். 2015-இல் தொடங்கிய வடக்கு கொமுட்டர் சேவையில், தெற்கே தைப்பிங், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால், வடக்கே அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, தாசேக் குளுகோர் ஆகிய ஊர்களிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நேராக வந்துவிடலாம். சாலை நெரிசல் இல்லை. 60 வயதைக் கடந்த மலேசியர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

பட்டர்வொர்த்தில் ரயில் நிலையம், பினாங்கு செண்ட்ரல் பேருந்து முனையம், பெர்ரித் துறை மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. 2021 தொடக்கத்தில் பழைய பெர்ரிகள் ஓய்வு பெற்றதோடு கார்களை ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டு முதல் நான்கு புதிய படகுகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்கின்றன. கடலைக் கடக்கக் கால் மணி நேரம் போதும். இறங்கும் இடத்திலேயே ரேபிட் பினாங்கு பேருந்துகள் கிடைக்கும். லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம்.

ஆக, பட்டர்வொர்த்துக்கு வந்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. அங்கே வந்து சேர்வதுதான் கேள்வி. தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பேருந்து எட்டாத இடங்களில் மகனின் மோட்டார் சைக்கிளை நம்ப வேண்டும். இல்லையேல் பக்கத்து வீட்டுக் காரைக் கேட்க வேண்டும். வாடகைக் காரை அழைத்தால் ரயில் டிக்கெட்டை விட அந்தக் கட்டணம்தான் கூடுதலாகிறது. கொமுட்டர் நகர ரயில்களைப் போல நிமிடக் கணக்கில் ஓடுவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வருபவருக்குக் கடைசி ரயில் போயிருக்கும். கடைசியில் பிள்ளைகள் தீவில் வாடகை அறை எடுத்துத் தங்குகிறார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேயே போகிறது. வீட்டில் பெற்றோர் தனியே இருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் பணி தொடங்கிய முத்தியாரா எல்.ஆர்.டி. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. 2031-இல் முடிப்பது இலக்கு. தீவிலிருந்து கடலைத் தாண்டி வந்து அதுவும் பினாங்கு செண்ட்ரலில்தான் நிற்கும். பட்டர்வொர்த்துக்கு அப்பால் நடக்கும் பயணத்தை அது வேகமாக்கும். பட்டர்வொர்த்துக்கு இப்பால் உள்ள தோட்டத்துச் சாலை அப்படியேதான் இருக்கும். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானுக்கே இன்று தொழிற்சாலைகள் வந்துவிட்டன. கடலைக் கடக்காமலே வேலை உண்டு என்றாலும், அங்கே போகவும் ஒரு வண்டி வேண்டும்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ரயில் வரும் நேரத்துக்கு ஏற்பத் தோட்டங்களையும் தாமான்களையும் சுற்றி வரும் சிறு வேன்கள் போதும். செயலி வழி அழைக்கும் வேன் சேவையை ரேபிட் நிறுவனம் சில பகுதிகளில் நடத்தி வருகிறது. அது நிபோங் திபால் போன்ற நிலையங்களின் சுற்றுவட்டாரத்துக்கும் வர வேண்டும். செயலி பயன்படுத்தத் தெரியாத முதியவர்களுக்குத் தொலைபேசி எண் ஒன்றும் தேவை. பாரிட் புந்தார் பேராக் மாநிலத்தில், சுங்கை பட்டாணி கெடாவில் இருப்பதால், மூன்று மாநிலங்களும் சேர்ந்து பேசினால்தான் இது நடக்கும். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர், எந்த நேரத்தில் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கை ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் திரட்டித் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாம். கணக்கு கையில் இருந்தால், தேவையில்லை என்று யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.