கள்ளத்தோணியா, அரசாங்கக் கப்பலா?

ஊவாவின் தோட்டப்புறத்தே பிறந்தோருள் 'கள்ளத்தோணி' என்னும் வசையைக் கேளாதார் அரியர். அவ்வசைக்கு நாம் கண்ணீரால் விடை தந்தோம். கவிதையால் விடை தந்தோம். வரலாற்றினால் விடை தந்தோமில்லை. அவ்விடை பதுளையிலன்று, தலைமன்னார் என்னும் சிறு துறைமுக ஊரிலே கிடக்கின்றது.

கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியால் வழியிலே மாண்டோர் பலர். அத்தோணிகள்கூடக் களவாக வந்தவையல்ல. துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிமார் அழைத்து வந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிற்று. இலங்கை அரசாங்கம் மண்டபத்திலே முகாம் அமைத்து, ஆட்களைத் தடுத்துவைத்துப் பரிசோதித்துப் பதிந்த பின்னரே கப்பலேற்றியது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாக வந்தோரும் உளர். 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. முகாமும் பதிவும் பயணச்சீட்டும் உடைய இவ்வருகையிலே களவு எங்கே?

எண்ணி இறக்கிய நாடே, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால், 'உன் தந்தை எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்?' எனச் சான்று கேட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. அவ்வாண்டு டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது, ஒப்பந்தத்தை அழிக்கவில்லை. கப்பல் இராமேசுவரத்துக்குத் திரும்பியது. முன்னோர் இறங்கிய தலைமன்னாரிலேயே பேரர் கப்பலேறினர். அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை நம்மவர் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். 1980களில் போர் மூண்டபோது கப்பலும் நின்றது.

'2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைச் சிக்கல் தீர்ந்தது, பழங்கதை எதற்கு?' என்பார் உளர். வாக்குச்சீட்டு வந்தது மெய், காணி வந்ததா? லயத்து வாழ்வு ஒழிந்ததா? நிலம் கேட்கும்போதெல்லாம் 'வந்தேறி' என்ற சொல்லே குறுக்கே நிற்கின்றது. அச்சொல்லை வீழ்த்தாது நிலத்தைப் பெறுவது எங்ஙனம்?

தலைமன்னாரைப் பற்றி எழுதுவோர் இராமர் அணையையும் முத்துக்குளிப்பையும் எழுதுவர்; நம் அடிச்சுவட்டை எழுதார். மலையகத்தைப் பற்றி எழுதும் நாமோ, தேயிலைச் செடியிலிருந்தே கதையைத் தொடங்குகின்றோம். துறையை விட்டு மலையை எழுதுவது, வாயிலை மறைத்து வீட்டை வரைவதாகும்.

ஆகவே தோழரே, இவ்விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தம் உடன்பிறந்தாரைக் கோச்சியேற்றி அனுப்பிய முதியோரைக் கேளுங்கள். ஆண்டையும் பெயரையும் எழுதுங்கள். பெட்டியடியிலே கிடக்கும் பழைய கடவுச்சீட்டையும் கடிதத்தையும் பேணுங்கள். அவர்கள் மறைந்தபின், வசை மட்டுமே எஞ்சிநிற்கும்.