மைதானத்தில் பேருந்து, அரங்கில் மன அழுத்தக் கருத்தரங்கு!



மாணவர் மன அழுத்தம் பற்றிக் கருத்தரங்கு நடத்தாத கல்லூரி இப்போது அபூர்வம். பிள்ளைகளை மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தே பேசுகிறார்கள். விளையாட்டு மைதானத்தில் நிற்பதோ கல்லூரிப் பேருந்துகள்.

2023இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள், 1,28,000 பேருக்கு மேல். உடலியக்கம் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்பதே முடிவு. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரம் குறைந்தது 150 நிமிடம். நாளுக்கு 22 நிமிடம்கூட ஆகாது. வேகமாக நடந்தாலே போதும்.

"தறியில் உழைத்த தாத்தாவுக்குப் பதற்றம் வந்ததா?" என்று நம் காஞ்சிபுரத்தில் சிலர் கேட்கிறார்கள். வந்தது ஐயா, கடனோடு சேர்ந்து வந்தது. குழித்தறியில் நாளெல்லாம் குனிந்து உட்கார்வது வயிற்றுப்பாடு, விளையாட்டல்ல. அதிலிருந்து தப்பிக்கத்தானே பேரனைப் படிக்க அனுப்பினார்? அவனையும் நாளெல்லாம் உட்கார வைத்தால் எப்படி?

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். மைதானத்தில் இறங்கினாலே உடை என்ன, நேரம் என்ன என்று கேள்வி.

ஓடினால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும். டெலி மானஸ் 14416, கட்டணமில்லை.

ஆனால் கால அட்டவணையில் வாரம் மூன்று மணி நேரம், போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லோருக்கும் ஒதுக்குங்கள். பெற்றோரே, சேர்க்கையின்போது வேலைவாய்ப்பு விவரம் கேட்கிறீர்களே, இதையும் கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.