லாரி ஓடிய தடம் யாருக்கு?



கோவை மாநகரின் வடமேற்கே, குருடிமலைக்கும் ஆனைகட்டி மலைகளுக்கும் இடையே கிடக்கும் தடாகம் பள்ளத்தாக்கை நீங்கள் அறிவீர்கள். 2021ஆம் ஆண்டுக்கு முன்னர் அங்கே சென்றவர்கள் எதைக் கண்டார்கள்? செம்புழுதி படிந்து நிறம் மாறிய இலைகளைக் கண்டார்கள். இரவு பகல் பாராமல் செம்மண் ஏற்றிச் சென்ற லாரிகளைக் கண்டார்கள். பனை மரங்களை விழுங்கிப் புகை கக்கிய செங்கற் சூளைகளைக் கண்டார்கள். சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை என்னும் ஐந்து ஊராட்சிகளின் மண், செங்கல்லாகி நகரத்து மாடிகளில் ஏறிற்று. ஊருக்கு எஞ்சியது பள்ளம்!

ஊரார் வழக்குத் தொடுத்தனர். உயர்நீதிமன்றம் கேட்டது, பசுமைத் தீர்ப்பாயம் கேட்டது. அதன் பின்னரே துரைத்தனத்தார் கண் விழித்து, 2021 மார்ச்சில் 186 சூளைகள் உரிமம் இன்றி இயங்கின என்று கூறி மூட உத்தரவிட்டார்கள். நூற்றெண்பத்தாறு! ஒன்றிரண்டு சூளைகள் கண்ணுக்குத் தப்பின என்றால் நம்பலாம். நூற்றெண்பத்தாறு புகைப்போக்கிகள் அத்தனை ஆண்டுகள் எவர் கண்ணுக்கும் படவில்லை என்றால், பார்க்க வேண்டியவர்கள் எந்தத் திசையில் பார்த்துக் கொண்டிருந்தார்கள்?

சரி, அந்தக் கதை நீதிமன்றத்தில் இருக்கிறது. நான் இன்று கேட்பது வேறு கேள்வி. சூளை அணைந்தது, லாரி நின்றது. ஆனால் லாரி ஓடிய தடங்கள் இன்னமும் கிடக்கின்றன. ஓடைக்கரை ஓரமாக, பட்டா நிலங்களின் எல்லை ஓரமாக, ஊரையும் ஊரையும் இணைத்துச் செல்லும் செம்மண் தடங்கள் அவை. அவற்றை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்?

எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. மீண்டும் சூளையைத் திற என்போர் ஒரு புறம். தார் போட்டு, மனை பிரித்து, மலைக்காட்சி வீடு என்று விளம்பரம் செய்யக் காத்திருப்போர் மறுபுறம். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அதை அறியத் திருப்பூர்ப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே கல் வெட்டிக் கைவிட்ட பாறைக்குழிகளில் மாநகரத்தின் குப்பையைக் கொண்டு போய்க் கொட்டினார்கள். முதலிபாளையம் மக்கள் 2025இல் தெருவில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று. கல்லை எடுத்தவன் லாபத்தோடு போனான். குழியின் அருகே குடியிருந்தவனுக்குக் குப்பை வந்து சேர்ந்தது. நாம் ஒரு திட்டம் வைத்துக்கொள்ளாவிட்டால், நம் பள்ளத்துக்கு வேறொருவன் திட்டம் வைத்திருப்பான்.

நம் திட்டம் என்ன? அந்தத் தடங்களை மோட்டார் வண்டி புகாத பொதுப்பாதைகளாக அறிவிக்க வேண்டும். தார் வேண்டாம், சரளை பரப்பிக் கெட்டித்தால் போதும். நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் மட்டுமே அதில் செல்லட்டும்!

சிரிக்கிறீர்களா தோழர்களே? சிரிப்பவர்கள் நம்மிலேயே உண்டு என்பதை அறிவேன். லட்ச ரூபாய் சைக்கிளில் ஞாயிறு காலை உலா வரும் சீமான்களுக்கு நம் கட்சி பாதை போட்டுத் தர வேண்டுமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உக்கடம் பெரியகுளக் கரையில் பொலிவுறு நகரத் திட்டத்தில் மிதிவண்டிப் பாதை அமைத்தார்களே, அது குளத்தைச் சுற்றி வர உதவும்; மாலைக் காற்று வாங்கலாம். வேலைக்குப் போகிறவனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் கொண்டு சேர்க்காது. அந்த மாதிரியை நான் கேட்கவில்லை.

யாருக்குச் சைக்கிள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2001-02ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், ஆட்சிகள் மாறிய போதும் நிற்காமல், ஆண்டு தோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்து வருகிறது. அரசு சைக்கிளைக் கொடுத்தது. ஓட்டப் பாதை கொடுத்ததா? ஆனைகட்டிச் சாலையில் பேருந்துக்கும் காருக்கும் நடுவே, தோளில் புத்தக மூட்டையோடு அந்தப் பெண் பிள்ளை மிதித்துச் செல்கிறாள். இடம் விடச் சொல்லி ஒலிப்பானை அலற விடுகிறான் பின்னால் வருகிறவன். அவளுக்காகத்தான் பாதை கேட்கிறோம். விடியலில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சங்கத்துக்கு விரைபவருக்காக, முறைக்கு நேரமாயிற்று என்று ஆலைக்கு மிதிப்பவருக்காகக் கேட்கிறோம். சீமானும் வரட்டும், பொதுப்பாதையில் அவருக்கும் இடம் உண்டு. ஆனால் பாதை அவர் பேரில் இல்லை.

சைக்கிள் அற்ப விஷயம் என்று எண்ணுவோர் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த நாளில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கற்றவர்களில் கல்லுடைக்கும் பெண்கள் இருந்தார்கள். ஒப்பந்தக்காரனிடம் கூலிக்கு உடைத்தவர்கள், அதே காலத்தில் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். மகளிர் சைக்கிள் கிடைக்காத போது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார்த்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! தெருவில் ஏளனம் செய்தவர்கள் வாய் ஓய்ந்தது. கல்லுடைத்த கை சைக்கிளைப் பிடித்தபோது ஒரு மாவட்டத்தின் பெண்ணுலகமே ஊர் எல்லையைத் தாண்டிற்று.

நான் கேட்கும் பாதை நமக்குப் புதிது அன்று. கொங்கு நாட்டு உழவர்களுக்கு இட்டேரி என்றால் விளக்க வேண்டுமா? இரு புறமும் கிளுவை வேலி, ஊடே கள்ளியும் கற்றாழையும் பிரண்டையும், நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். தோட்டம் தனியாருடையது; இட்டேரி ஊருடையது. கீரிக்கும் உடும்புக்கும் மயிலுக்கும் கூட அதில் பங்கு இருந்தது. அந்த இட்டேரிகளைத்தான் வேலியைப் பிடுங்கி அகலப்படுத்தி லாரி ஓட்டினார்கள். எஞ்சியதை வயலோடு சேர்த்து உழுதார்கள். இழந்ததைத் திரும்பக் கேட்பதை ஆடம்பரம் என்று எவன் சொல்வான்?

ஒன்றை மறைக்க மாட்டேன். பழைய இட்டேரியைப் பொற்காலம் என்று பாட எனக்கு விருப்பம் இல்லை. ஒடுக்கப்பட்ட தோழன் ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று ஆதிக்கக்காரர்கள் கட்டளையிட்ட கொடுமை நடந்ததும் இதே கொங்கு மண்ணில்தான். ஆகவே நாம் கேட்கும் தடத்துக்கு முதல் விதி இதுவாக இருக்கட்டும்: இந்தப் பாதையில் எவரும் எவருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஊராட்சிப் பலகையில் அதை எழுதி வையுங்கள்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று கேட்போருக்கும் சொல்வேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற நாடு. செம்பும் தகரமும் தோண்டிய பூமி. அங்கே தாதுப்பொருளைத் துறைமுகத்துக்கு இழுத்துச் செல்ல 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரை இழுக்கும் தண்டவாளங்கள் போட்டார்கள். சுரங்கங்கள் ஓய்ந்தன. தண்டவாளம் கிடந்த தடத்தைப் பின்னாளில் சரளைப் பாதை ஆக்கினார்கள்; போர்ட்ரீத் முதல் டெவோரன் வரை, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு, 11 மைல் சைக்கிளில் போகலாம். ஜெர்மனியின் ரூர் நிலத்தில் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்த வட்டாரத்தில் தாது ஏற்றிய ரயில் தடங்களில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன.

அதே 2001இல், பிப்ரவரி மாதத்தில், நம் தமிழ்த் தொழிலாளர்கள் நூற்றாண்டுக்கு மேல் ரத்தம் சிந்திய கோலார் தங்கவயலை மூடினார்கள். அங்கே எஞ்சியவை சயனைடு கலந்த மண்மேடுகள். கோடைக்காற்றில் அந்தத் தூசு குடியிருப்புகளின் மேல் பறக்கிறது. பிழைப்புக்காக அந்த மக்கள் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். ஒரே ஆண்டில் ஒரு சுரங்கத்துக்கு மகுடம், மற்றொன்றுக்குக் கைகழுவல்! வேறுபாடு மண்ணில் இல்லை தோழர்களே. மூடிய பிறகு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே விடை இருந்தது, இங்கே இல்லை.

பணம் எங்கே என்பார்கள். கனிமச் சட்டத்துக்கு 2015இல் ஒரு திருத்தம் வந்தது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் ஊர்களுக்கும் செலவிடவே மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்க வேண்டும் என்கிறது அது. திருட்டு மண்ணுக்கு வசூலிக்கும் அபராதமும் எந்தப் பள்ளத்தாக்கில் மண் திருடப்பட்டதோ அந்தப் பள்ளத்தாக்குக்கே திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். கருவூலத்தில் கரைந்து போக விடாதீர்கள். செலவோ பெரிதன்று. நீர் தேங்காதபடி நடுவே சற்று மேடாக்கிக் கெட்டித்த சரளை, இரு ஓரமும் வடிகால், ஓடை குறுக்கிடும் இடத்தில் சிறு பாலம், லாரியும் காரும் நுழையாதபடி குத்துக்கற்கள். பள்ளங்களுக்கு வலுவான வேலி. வேலியை முதலில் சொல்லியிருக்க வேண்டும்: பிள்ளைகள் போகும் வழியில் வேலியில்லாத பள்ளம் இருக்க ஒரு நாளும் இடங்கொடுக்கக் கூடாது.

சூளை மூடியதால் வேலை போயிற்றே என்பதும் உண்மைதான். முன்பணம் வாங்கிக் கடனில் கட்டுண்டு, குடும்பத்தோடு கல் அறுத்தவனின் துயரை நாம் மறந்துவிட முடியாது. பள்ளம் மூட, கிளுவை நட, ஓடையை அதன் பழைய போக்கில் திருப்ப ஆள் வேண்டாமா? அந்தக் கூலி அவர்களுக்கே சேரட்டும்.

தார் ஏன் வேண்டாம் என்று கேட்ட தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தார் போட்ட மறுநாள் கார் வரும். கார் வந்த மறு ஆண்டு மனைக்கல் நடுவார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கு யானைகளின் வலசைவழி. பொழுது சாய்ந்த பின் பாதையைப் பூட்ட வேண்டும். விளக்குக் கம்பம் நடக்கூடாது. பகலில் நமக்கு, இரவில் அவற்றுக்கு. இதில் நமக்குக் குறைவு ஏதும் இல்லை.

ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் புல எண் வண்டிப்பாதை, எது ஓடைப் புறம்போக்கு, எங்கே ஆக்கிரமிப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டா நிலத்தின் வழியே தடம் போகும் இடங்களைத் தனியே எழுதுங்கள். அந்த உழவரை முன்கூட்டியே கண்டு பேசுங்கள். சைக்கிளில் போகும் மாணவிகளையும் அவர்களின் தாய்மாரையும் சபைக்கு அழைத்து வாருங்கள். தீர்மானத்தைப் படிக்கும் உரிமையை அவர்களிடம் கொடுங்கள். தலைவர் கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்கள் கைக்கு வரும் வரை எழுந்து வராதீர்கள்.